புரதப் படிகத்துக்கான ஸ்டாக் கரைசல்கள்: கலக்குவது, காப்பது, கெடுவது

போன வருடம் படிகம் தந்த கண்டிஷன் (புரதத்தோடு சேர்க்கும் கரைசல் கலவை) இப்போது வீழ்படிவை மட்டுமே தருகிறது என்றால், எல்லோருடைய சந்தேகமும் புரதத்தின் மேல்தான் விழுகிறது. மறுபடி சுத்திகரிக்கிறார்கள், ஜெல் ஓட்டுகிறார்கள், டேக்கை (புரதத்தின் நுனியில் சேர்த்த சிறு துண்டை) வெட்டிப் பார்க்கிறார்கள். அலமாரியில் நிற்கும் ஸ்டாக்குகளை, அதாவது பிறகு நீர்த்துக்கொள்ளச் செறிவாகக் கலக்கி வைத்த கரைசல்களை, யாரும் விசாரிப்பதில்லை: பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால், புரதத்தைக் கரைசலிலிருந்து வெளியே தள்ளும் பாலிமர்) பாட்டிலையும் சரி, பஃபர் (பிஹெச்சை நிலையாக வைக்கும் கரைசல்) பாட்டிலையும் சரி. விசாரணை அங்கேதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. லேபிளில் பெயர், செறிவு, பிஹெச் மூன்றும் சரியாக இருந்தும் இரண்டு பாட்டில்களில் இரண்டு வேறு கரைசல்கள் இருக்க முடியும். அதைக் கலக்கிய வழி தெரிந்தால்தான் அது என்ன கரைசல் என்று தெரியும்.

எளிய உதாரணம்: "1 மோலார் சோடியம் அசிடேட், பிஹெச் 4.6". இதை மூன்று பேர் மூன்று விதமாகச் செய்வார்கள். முதலாமவர் ஒரு மோல் அசிட்டிக் அமிலத்தை (கிளேசியல் அமிலம் என்றால் சுமார் 57 மி.லி.) தண்ணீரில் விட்டு, சோடியம் ஹைட்ராக்சைடால் 4.6-க்கு ஏற்றி, ஒரு லிட்டராக்குவார். அசிட்டிக் அமிலத்தின் பிகேஏ (அமிலம் பாதி அயனியாகி நிற்கும் பிஹெச்) 4.76. ஆகவே அந்தப் பாட்டிலில் மொத்த அசிடேட் 1 மோலார், சோடியம் ஏறத்தாழ 0.41 மோலார். இரண்டாமவர் ஒரு மோல் சோடியம் அசிடேட்டை எடை போட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் இறக்குவார். அசிடேட் 1 மோலார், சோடியம் 1 மோலார், கூடவே கேட்காமல் வந்த குளோரைடு சுமார் 0.59 மோலார். மூன்றாமவர் அதே உப்பை அசிட்டிக் அமிலத்தாலேயே இறக்குவார். சோடியம் 1 மோலார்தான், ஆனால் மொத்த அசிடேட் 2.4 மோலாருக்கு மேல் போய்விடும். மூன்று பாட்டில்களிலும் பிஹெச் மீட்டர் 4.6 என்றே காட்டும். பத்தில் ஒன்றாக நீர்த்தாலும் வித்தியாசம் போகாது. குறைந்த உப்பில் பெக் வைத்துப் படிகமாக்கும் புரதத்துக்கு 40 மில்லிமோலார் சோடியமும் 100 மில்லிமோலார் சோடியமும் ஒன்றல்ல, 60 மில்லிமோலார் குளோரைடு எங்கிருந்தோ வந்து சேர்வதும் சின்ன விஷயமல்ல. எனக்குப் பிடித்தது முதல் வழி. எந்த வழியானாலும் சரி, லேபிளில் எதைக் கொண்டு டைட்ரேட் செய்தோம் (பிஹெச்சைச் சரிக்கட்டினோம்) என்பதை எழுதியே ஆக வேண்டும்.

எவ்வளவு செறிவில் வைப்பது

ஸ்டாக்கின் செறிவு நம் வசதிக்காக மட்டும் வைப்பதில்லை. கலவையில் எந்த எல்லை வரை போகலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. 10 மி.லி. கலவையில் 0.1 மோலார் ஹெபெஸ் (ஒரு பஃபர்), 0.2 மோலார் மெக்னீசியம் குளோரைடு, 20% பெக் 3350 (எண் அதன் சராசரி மூலக்கூறு எடை) வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 1 மோலார் ஹெபெஸ் 1 மி.லி., 2 மோலார் மெக்னீசியம் குளோரைடு 1 மி.லி., 50% பெக் 4 மி.லி., தண்ணீர் 4 மி.லி. இடம் தாராளமாக இருக்கிறது. அதே பெக்கை 30% பெக் ஸ்டாக்கிலிருந்து எடுத்தால் 6.7 மி.லி. போய்விடும். 25% வரை ஆப்டிமைஸ் செய்ய நினைத்தால் 8.3 மி.லி. அதற்கே வேண்டும், பஃபரும் உப்பும் சேர்ந்தால் பாத்திரம் நிரம்பி வழியும். அதனால்தான் பஃபர்கள் 1 மோலார், பெக்குகள் 50%, உப்புகள் கரையும் எல்லைக்குச் சற்றே கீழே என்று வைக்கிறோம்.

"சற்றே கீழே" என்பது முக்கியம். அமோனியம் சல்பேட்டின் நிறைகரைசல் 25 டிகிரியில் சுமார் 4.1 மோலார், 0 டிகிரியில் சுமார் 3.9 மோலார். 4 மோலார் ஸ்டாக்கை குளிர் அறைக்குக் கொண்டுபோனால் அடியில் உப்பு படியும், மேலே உள்ள திரவம் லேபிளை விடக் குறைந்த செறிவில் நிற்கும். 3.5 மோலாரில் இந்தத் தொல்லை இல்லை. பழைய கட்டுரைகளில் "60% நிறைவு" என்று மட்டும் எழுதியிருப்பார்கள். எந்த வெப்பநிலையில் நிறைவு என்று தெரியாவிட்டால் அந்த எண் தோராயமானதே, அதைச் சுற்றி நாமே ஒரு கிரிட் (செறிவைப் படிப்படியாக மாற்றும் வரிசை) போட்டுப் பார்க்க வேண்டும்.

பெக்

அதிகம் பேச வேண்டியது இதைப் பற்றித்தான். அதிகம் பயன்படுவதும் இது, சத்தமில்லாமல் கெடுவதும் இது.

50% என்பது இங்கே எடை/கன அளவு: 100 மி.லி. கரைசலில் 50 கிராம். 50 கிராம் பெக்கில் 50 மி.லி. தண்ணீர் விடுவதோ, 100 மி.லி. தண்ணீர் விடுவதோ அல்ல. பெக் 3350, 4000 போன்றவற்றின் 50% கரைசலின் அடர்த்தி மி.லி.க்கு சுமார் 1.08 கிராம். ஆகவே 500 மி.லி. ஸ்டாக்கில் 250 கிராம் பெக்கும் சுமார் 290 கிராம் தண்ணீரும் இருக்கும். இந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டு வைத்தால் ஆரம்பத்திலேயே அதிகத் தண்ணீர் விட்டுக் கெடுக்க மாட்டோம்.

செய்முறையில் பெரிய இழப்பு அளவு ஜாடியில்தான் நடக்கிறது. பெக் கரைசலை பீக்கரிலிருந்து ஜாடிக்கு ஊற்றினால் பீக்கர் சுவரில் தேன் போல ஒட்டிக்கொண்டு நிற்கும். கழுவி ஊற்றத் தண்ணீருக்கு இடமும் இருக்காது. அதனால் பாத்திரம் மாற்றாமல் செய்வதே நல்லது. அகலமான கண்ணாடிப் பாட்டில் ஒன்றை எடுத்து, காந்தத் துண்டை உள்ளே போட்டுத் தராசில் பூஜ்ஜியமாக்கி, 20 டிகிரியில் 499 கிராம் தண்ணீர் விட்டால் அது 500 மி.லி. அந்த மட்டத்தில் நுண்முனை மார்க்கரால் கோடு போட்டுத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். இனி 230 மி.லி. தண்ணீரை விட்டு, 40 டிகிரிக்குச் சூடாக்கி, சுழலச் சுழல பெக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். மொத்தத்தையும் ஒரேயடியாகக் கொட்டினால் அடியில் கட்டியாகி காந்தம் நின்றுவிடும். கரைய ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். அவசரப்பட்டு மைக்ரோவேவில் வைப்பதும் ஆட்டோகிளேவ் செய்வதும் கூடாது. சூடும் ஆக்சிஜனும் சேர்ந்தால் பெக் சங்கிலி உடையத் தொடங்கும். கரைந்த பின் மூடி வைத்து அறை வெப்பநிலைக்குக் கொண்டுவந்து, குமிழ்கள் மேலேறும் வரை (இரவு முழுக்க விட்டால் நிம்மதி) காத்திருந்து, அதன் பிறகே கோடு வரை தண்ணீர் விட வேண்டும். சூடாக இருக்கும்போது கோட்டைத் தொட்டால் ஆறியதும் மட்டம் இறங்கும், செறிவு லேபிளை விடக் கூடிவிடும்.

பெக் 8000 வரை 50% சாத்தியம். 10000, 20000 எல்லாம் அந்தச் செறிவில் பைப்பெட்டுக்குள் ஏறவே மறுக்கும், 30 அல்லது 40 சதவீதத்தில் நிறுத்துவது புத்திசாலித்தனம். பெக் 400 திரவம், அதை 100% என்று அப்படியே பயன்படுத்துகிறோம். அதில் ஒரு பொறி உண்டு: அதன் அடர்த்தி சுமார் 1.13. ஆகவே 30% கன அளவு/கன அளவும் 30% எடை/கன அளவும் ஒன்றல்ல, முன்னது பின்னதை விட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு அதிகம். எம்பிடி (மெத்தில் பென்டேன்டையால்) என்ற திரவத்தின் அடர்த்தி 0.92, அங்கே வித்தியாசம் எதிர்த் திசையில் போகும். எந்த முறை என்பது லேபிளில் இருக்க வேண்டும்.

இனி கெடும் விதம். பெக்கின் ஈதர் பிணைப்புகள் காற்றின் ஆக்சிஜனோடு மெல்ல வினைபுரிந்து பெராக்சைடுகளைத் தருகின்றன. அவை உடைந்து ஆல்டிஹைடுகளும் கார்பாக்சிலிக் அமிலங்களும் உண்டாகின்றன. வெளிச்சம், வெப்பம், இரும்பு, செம்பு போன்ற உலோகச் சுவடுகள் எல்லாம் இதை விரைவுபடுத்தும். பெராக்சைடு சிஸ்டீனையும் மெத்தியோனினையும் ஆக்சிஜனேற்றும், செலினோமெத்தியோனின் (கந்தகத்துக்குப் பதில் செலினியம் கொண்ட மெத்தியோனின்) போட்ட புரதம் இன்னும் எளிதாக மாட்டிக்கொள்ளும். ஆல்டிஹைடு லைசின்களைப் பிடித்து குறுக்கே பிணைக்கும். அமிலம் பிஹெச்சை இறக்கும். 0.1 மோலார் பஃபர் இருந்தால் ஓரளவு தாங்கும், பஃபர் இல்லாத கண்டிஷன்களில் பிஹெச் எங்கே நிற்கிறது என்று சொல்லவே முடியாது. பெக் கரைசலிலிருந்து ஆல்டிஹைடையும் பெராக்சைடையும் நீக்கும் எளிய முறையை ரேயும் புவத்திங்கலும் 1985-இலேயே வெளியிட்டார்கள். பெக்கில் உள்ள மாசுகள் படிகமாவதைப் பாதிக்கின்றன என்பதும் அதே காலத்தில் பேசப்பட்டதுதான். இருந்தும் ஜன்னலோரத்தில் நிற்கும் பெக் பாட்டில்கள் இன்னும் குறையவில்லை.

சுத்திகரிக்க இறங்குவதை விட நல்ல பெக்கை வாங்கி நன்றாகக் காப்பது எளிது. குறைந்த பெராக்சைடு, குறைந்த ஆல்டிஹைடு என்று சோதித்து விற்கப்படும் தரத்தை எடுங்கள். பொடியாக இருக்கும்போதே இறுக மூடி, ஈரமில்லாமல், குளிரில் வையுங்கள். கரைசலாக்கிய பின் 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, 50 மி.லி. குழாய்களில் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பி, மேலே ஆர்கான் அல்லது நைட்ரஜன் ஊதி மூடி, அலுமினியத் தாளில் சுற்றி மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். நான் பரிந்துரைக்கும் கெடு இது: மைனஸ் 20-இல் ஒரு வருடம், 4 டிகிரியில் ஆறு மாதம், மேசையில் திறந்து புழங்கும் குழாய் ஒரு மாதம். உறைவிப்பானிலிருந்து எடுத்ததும் கலங்கலாகவோ அடுக்கடுக்காகவோ தெரியும். அறை வெப்பநிலைக்கு வந்த பின் முழுதும் தெளியும் வரை குழாயைத் தலைகீழாகப் புரட்டிப் புரட்டிக் கலக்க வேண்டும். மேல் அடுக்கிலிருந்து எடுத்தால் 50% என்று நினைத்து வேறெதையோ எடுக்கிறோம்.

சந்தேகம் வந்தால் இரண்டு சோதனை போதும். பெராக்சைடு காகிதப் பட்டையை நனைத்துப் பார்க்கலாம். 50% கரைசலைப் பத்தில் ஒன்றாக நீர்த்து பிஹெச் எடுக்கலாம். செய்த அன்று எடுத்த எண் லேபிளில் இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அரை நிமிடம். வாங்கும் இடத்தையும் லாட்டையும் (உற்பத்தித் தொகுதியையும்) பொறுத்து தொடக்க பிஹெச்சே மாறும், ஆகவே பொதுவான "சரியான எண்" என்று ஒன்றும் கிடையாது.

உப்புகள்

3.5 மோலார் அமோனியம் சல்பேட் ஒரு லிட்டருக்கு 462.5 கிராம். 700 மி.லி. தண்ணீரில் தொடங்கலாம். கரையும்போது பாத்திரம் ஜில்லென்று ஆகும், குளிர்ந்த நிலையிலேயே லிட்டர் கோட்டைத் தொடக் கூடாது. அறை வெப்பநிலைக்கு வரட்டும், பிறகு நிரப்பலாம். பிஹெச்சை ஏற்ற வேண்டுமென்றால் நினைவிருக்கட்டும்: காரத் திசையில் போகப் போக அமோனியா ஆவியாக வெளியேறும். மூக்குக்குத் தெரிகிறது என்றால் ஸ்டாக்கிலிருந்து போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். ஆவிப் பரவல் முறையில் புரதச் சொட்டும் ரிசர்வாயர் எனும் பெரிய அளவுக் கரைசலும் மூடிய அறையில் ஆவி வழியே சமநிலைக்கு வரும்; அந்த ரிசர்வாயரிலிருந்து இந்த அமோனியா சொட்டுக்குள் புகுந்து சொட்டின் பிஹெச்சை மாற்றும் என்பதை மிக்கோல், ரோடோ, ஜியெஜே மூவரும் 1989-இல் காட்டினார்கள். அதனால் அமோனியம் சல்பேட்டை நான் டைட்ரேட் செய்யாமல் அப்படியே வைப்பதையே விரும்புகிறேன், பிஹெச் வேலையைப் பஃபர் பார்த்துக்கொள்ளட்டும்.

நீரேற்ற வடிவத்தைப் பார்க்காமல் எடை போடுவது உப்புகளில் அடிக்கடி நடக்கும் தவறு. மெக்னீசியம் சல்பேட்டின் மூலக்கூறு எடை நீரற்றதில் 120.37, ஏழு நீர் கொண்டதில் 246.47. மாற்றிப் போட்டால் செறிவு பாதிக்கும் கீழே, அல்லது இரு மடங்குக்கும் மேலே. லித்தியம் சல்பேட் 109.94, ஒரு நீர் கொண்டது 127.95. இது இன்னும் ஆபத்து, ஏனென்றால் 14% பிழை கண்ணுக்குத் தெரியாது, படிகத்துக்கு மட்டும் தெரியும். மெக்னீசியம் குளோரைடும் (ஆறு நீர், 203.30, 2 மோலாருக்கு லிட்டருக்கு 406.6 கிராம்) கால்சியம் குளோரைடும் திறந்த பாட்டிலில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈரமாகக் கட்டிபட்டிருந்தால் அந்தப் பாட்டிலை வேறு வேலைக்குக் கொடுத்துவிட்டு ஸ்டாக்குக்குப் புதியதைத் திறக்க வேண்டும்.

ட்ரைசோடியம் சிட்ரேட் இரு நீர் கொண்டது 294.10. 1.6 மோலாருக்கு லிட்டருக்கு 470.6 கிராம். இது உப்பாகப் பயன்படும் ஸ்டாக், டைட்ரேட் செய்யாதது, சற்றே காரமானது. "சோடியம் சிட்ரேட் பிஹெச் 5.6" என்பது பஃபர், வேறு பாட்டில். இரண்டையும் ஒரே தட்டில் அடுத்தடுத்து வைக்காதீர்கள். சோடியம் அசிடேட்டுக்கும் இதே எச்சரிக்கை.

மலோனேட்டைக் கலக்குவதற்குத் தனிப் பொறுமை வேண்டும். மெக்ஃபர்சன் 2001-இல் பல உப்புகளை ஒப்பிட்டுச் சோடியம் மலோனேட்டைத் தூக்கிக் காட்டிய பின் இது எல்லா ஆய்வகத்துக்கும் வந்துவிட்டது. 3.4 மோலார், பிஹெச் 7 வேண்டுமென்றால் லிட்டருக்கு 354 கிராம் மலோனிக் அமிலம், அதை நடுநிலையாக்க ஆறரை மோலுக்கும் மேல் சோடியம் ஹைட்ராக்சைடு. 10 மோலார் ஹைட்ராக்சைடு கரைசலை எடுத்தால் அதுவே 650 மி.லி.க்கு மேல் போய், தண்ணீருக்கு இடமே இருக்காது. பாத்திரத்தைப் பனிக்கட்டித் தொட்டியில் வைத்துத் திட ஹைட்ராக்சைடைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், வெப்பம் பயங்கரமாக எழும். இதைவிட நல்ல வழி: 3.4 மோலார் டைசோடியம் மலோனேட் ஒரு பாட்டில், 3.4 மோலார் மலோனிக் அமிலம் ஒரு பாட்டில். இரண்டையும் பிஹெச் மீட்டர் பார்த்துக் கலந்தால் எந்த பிஹெச்சில் நிறுத்தினாலும் மலோனேட் 3.4-ஆகவே இருக்கும். 4 மோலார் சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டும் 4 மோலார் டைபொட்டாசியம் ஹைட்ரஜன் பாஸ்பேட்டும் வைத்துச் செய்யும் பாஸ்பேட் வரிசைக்கும் அதே தத்துவம்தான். இவ்வளவு செறிவான உப்பில் பிஹெச் மீட்டர் காட்டும் எண் உண்மையான பிஹெச்சிலிருந்து விலகும். அதைத் திருத்த முயல வேண்டாம், ஒவ்வொரு முறையும் ஒரே முறையில் அளந்தால் போதும்.

துத்தநாக உப்புகள் நடுநிலைத் தண்ணீரில் கலங்கும். துத்தநாக அசிடேட்டில் சில துளி அசிட்டிக் அமிலம் விட்டால் தெளியும், எத்தனை மைக்ரோலிட்டர் விட்டோம் என்று எழுதிவிட வேண்டும்.

பஃபர்கள்

முதலில் வெப்பநிலை. டிரிஸ் பஃபர் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.028 பிஹெச் நகரும். 25 டிகிரியில் 8.5 வைத்த பாட்டில் 4 டிகிரியில் 9.1-ஐத் தொடும். ஹெபெஸ் டிகிரிக்கு 0.014, அதாவது 7.5 என்பது குளிரில் 7.8 ஆகும். மெஸ் இன்னும் கொஞ்சம் குறைவு. அசிடேட்டும் பாஸ்பேட்டும் அசையவே அசையாது என்று சொல்லலாம். 4 டிகிரியில் படிகத் தட்டு வைப்பவர்கள் இந்தக் கணக்கை மறந்தால், 20 டிகிரியில் கிடைத்த படிகம் குளிரில் வராததற்கு வெப்பநிலையைக் குறை சொல்வார்கள், உண்மையில் மாறியது பிஹெச்.

1 மோலார் டிரிஸ் லிட்டருக்கு 121.14 கிராம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் சூடாகும், சூடாக இருக்கும்போது படிக்கும் பிஹெச் ஆறிய பின் ஏறிவிடும். இலக்குக்கு 0.2 முன்னதாக நிறுத்தி, ஆறவிட்டு, பிறகு துளித்துளியாக முடிக்க வேண்டும். ஹெபெஸ் 238.3 கிராம், மெஸ் 195.2 (ஒரு நீர் கொண்டதென்றால் 213.25), இரண்டும் அமில வடிவில் எடுத்து ஹைட்ராக்சைடால் ஏற்றுவது. இலக்கைத் தாண்டிவிட்டால் அமிலம் விட்டுத் திரும்பி வராதீர்கள். திரும்பி வரும் ஒவ்வொரு துளியும் கணக்கில் வராத சோடியம் குளோரைடு. அதே பஃபரின் டைட்ரேட் செய்யாத 1 மோலார் கரைசலைக் கொஞ்சம் கையில் வைத்திருந்து, அதைச் சேர்த்து இறக்கினால் செறிவும் மாறாது, புது அயனியும் வராது.

பிஹெச் மின்முனையை ஸ்டாக்குக்குள் மணிக்கணக்கில் முக்கி வைக்கக் கூடாது, அதற்குள் இருக்கும் பொட்டாசியம் குளோரைடு மெல்லக் கசியும். டிரிஸுக்கு ஏற்ற மின்முனைதானா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வணிக ஸ்கிரீன்களில் (பல கண்டிஷன்களைக் கலந்து விற்கும் தொகுப்புகளில்) எழுதியிருக்கும் பிஹெச் பெரும்பாலும் பஃபரின் 1 மோலார் ஸ்டாக்கின் பிஹெச், கலவையின் பிஹெச் அல்ல. சிட்ரேட்டோ மலோனேட்டோ அதிகமாக இருக்கும் கலவையில் இரண்டும் நன்றாகவே விலகும். ஹிட் (முதல் படிகம்) கிடைத்த கண்டிஷனை நாமே கலக்கும்போது முடிந்த கலவையின் பிஹெச்சையும் அளந்து, ஸ்கிரீன் குழாயில் மீதியிருப்பதோடு ஒப்பிட வேண்டும்.

காகோடைலேட் என்ற பஃபரில் ஆர்சனிக் இருக்கிறது. கையுறை, தனிக் கழிவுப் பாட்டில், தெளிவான எச்சரிக்கை மூன்றும் கட்டாயம். டிடிடி போன்ற தயால்களோடு (கந்தகம் கொண்ட ஒடுக்கிகளோடு) அது வினைபுரியும் என்பதால் ஒடுக்கி சேர்த்த புரதத்துக்கு மெஸ்ஸையோ பிஸ்-டிரிஸ்ஸையோ முதலில் முயலலாம்.

ஒடுக்கிகளை (புரதம் ஆக்சிஜனேறாமல் காப்பவற்றை) பொறுத்தவரை, நீண்ட காலம் வைக்கும் ஸ்டாக் என்று ஒன்று கிடையாது. டிடிடியின் அரை ஆயுள் 20 டிகிரியில் பிஹெச் 6.5-இல் சுமார் 40 மணி நேரம், 7.5-இல் 10 மணி நேரம், 8.5-இல் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. 1 மோலாராகத் தண்ணீரில் கரைத்து மைனஸ் 20-இல் சிறு பங்குகளாக வைத்து, ஒருமுறை உருக்கியதை மறுபடி உறைய வைக்காமல் தூக்கி எறிய வேண்டும். இன்னொரு ஒடுக்கியான டிசெப் ஹைட்ரோகுளோரைடு கரைத்ததும் பிஹெச் 2.5 அளவில் இருக்கும். நடுநிலையாக்காமல் புரதத்தில் விட்டால் வீழ்படிவுதான். நடுநிலை பாஸ்பேட்டில் அதுவும் நிலைக்காது.

வடிகட்டுவது, பூஞ்சை, பாத்திரம்

தண்ணீர் 18.2 மெகாஓம் தரத்தில், அன்று பிடித்ததாக இருக்க வேண்டும். வடிகட்டி பெரும்பாலானவற்றுக்கு 0.22 மைக்ரான், கெட்டியான பெக்குக்கு 0.45. புது வடிகட்டியிலிருந்து ஈரப்படுத்தும் பொருள்கள் கசியும், முதல் சில மி.லி.யைக் கொட்டிவிடுங்கள். ஐசோப்ரொப்பனால், எத்தனால் கலந்தவற்றை வெற்றிடத்தில் வடிக்கக் கூடாது, கரைப்பான் ஆவியாகிச் செறிவு மாறும். சிரிஞ்சு வடிகட்டியில் தள்ளுங்கள், சவ்வு அந்தக் கரைப்பானைத் தாங்குமா என்று முதலில் பாருங்கள்.

சிட்ரேட், டார்ட்ரேட், அசிடேட், பாஸ்பேட் எல்லாம் பூஞ்சைக்கு நல்ல தீனி. பாட்டிலை ஆட்டும்போது மெல்லிய நூல் போல ஏதாவது மிதந்தால் அதை மறுபடி வடித்துப் பயன்படுத்த நினைக்க வேண்டாம். பூஞ்சை விட்ட, புரதத்தை வெட்டும் புரோட்டியேஸ் வடிகட்டியில் நிற்காது. சோடியம் அசைடு 0.02% சேர்ப்பது வழக்கம்: 10% ஸ்டாக்கிலிருந்து லிட்டருக்கு 2 மி.லி., அதாவது சுமார் 3 மில்லிமோலார். ஆனால் யோசித்துச் சேர்க்க வேண்டும். அமிலக் கரைசலில் அது நச்சு வாயுவான ஹைட்ரசோயிக் அமிலமாகும், ஆகவே அமில ஸ்டாக்குகளில் கூடாது. ஈய, செம்புக் குழாய்களில் கொட்டினால் வெடிக்கக்கூடிய அசைடுகள் உருவாகும். ஹீம் புரதங்களிலும் பல உலோக நொதிகளிலும் அது நேராக உலோகத்தில் போய் அமரும், கட்டமைப்பில் நாம் கேட்காத லிகண்டாக (ஒட்டிக்கொண்ட மூலக்கூறாக) தெரியும். அப்படிப்பட்ட புரதத்தோடு வேலை செய்பவர்கள் அசைடு இல்லாமல், சிறு பாட்டில்களில், 4 டிகிரியில் வைப்பதே நல்லது.

கார ஸ்டாக்குகளைக் கண்ணாடியில் நாள்கணக்கில் வைத்தால் சிலிகேட் கரைந்து வரும், அவற்றுக்கு பாலிப்ரொப்பிலீன். கரிமக் கரைப்பான்களுக்கு பாலிஸ்டைரீன் ஆகாது. வெளிச்சம் ஆகாதவற்றுக்குப் பழுப்புக் கண்ணாடி.

மூடியிருக்கும் பாட்டிலிலும் தண்ணீர் போகும். எளிய காவல் ஒன்று உண்டு: நிரப்பி மூடியதும் பாட்டிலோடு எடை போட்டு லேபிளில் எழுதிவிடுங்கள். ஒவ்வொரு முறை எடுத்த பிறகும் எடை எழுதுங்கள். அடுத்த முறை திறக்கும் முன் எடை குறைந்திருந்தால் அது ஆவியானது. மூடியின் உள்பக்கம் துளிகள் நின்றால் புரட்டிக் கலக்காமல் பைப்பெட்டை விடக் கூடாது. தாய்ப் பாட்டிலுக்குள் பைப்பெட் போகவே கூடாது என்பது இதைவிட முக்கியமான விதி. வேண்டியதைச் சிறு குழாயில் ஊற்றிக்கொண்டு, மீதியைத் திருப்பி ஊற்றாமல் இருந்தால் பாதிப் பிரச்சினைகள் தீரும்.

கலவை போடும்போது

முதலில் தண்ணீர், பிறகு பஃபர், பிறகு உப்பு, கடைசியில் பெக். செறிவான உப்பும் செறிவான பெக்கும் நேருக்கு நேர் சந்தித்தால் இரண்டு அடுக்காகப் பிரியும், கலக்கினாலும் சில சமயம் சேராது. கால்சியம், மெக்னீசியம், துத்தநாகம் உள்ள கலவையில் பாஸ்பேட் வந்தால் வீழ்படிவு நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளலாம். கால்சியமும் சல்பேட்டும் சேர்ந்தால் ஜிப்சம் ஊசிகள். அமோனியம், மெக்னீசியம், பாஸ்பேட் மூன்றும் காரத்தில் சேர்ந்தால் ஸ்ட்ரூவைட் என்ற உப்புப் படிகம், அது கூர்மையான முகங்களோடு பார்க்க அழகாக இருந்து ஆளை ஏமாற்றும். புரதம் இல்லாத சொட்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் எக்ஸ்-கதிர் டிஃப்ராக்ஷன் வரை போகாமலேயே விடை தெரியும்.

50% பெக்கை சாதாரண பைப்பெட்டில் 1 மி.லி. எடுத்தால் முனையில் ஒட்டிக்கொண்டு குறைவாகத்தான் இறங்கும். பாசிட்டிவ் டிஸ்ப்ளேஸ்மென்ட் பைப்பெட் (பிஸ்டன் திரவத்தையே நேராகத் தள்ளுவது) இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் தராசு இருக்கிறது: 4 மி.லி. வேண்டுமென்றால் 4.32 கிராம். உங்கள் ஸ்டாக்கின் அடர்த்தியை ஒருமுறை 10 மி.லி. வால்யூமெட்ரிக் ஃபிளாஸ்கில் நிரப்பி எடை போட்டு அறிந்துகொண்டால் 1.08 என்ற பொது எண்ணை நம்ப வேண்டியதில்லை.

செறிவைச் சரிபார்க்க ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளிவிலகல் எண்ணை அளக்கும் கருவி) போலக் கைகொடுப்பது வேறொன்றும் இல்லை. ஒரு துளி போதும். 20 டிகிரியில் தண்ணீர் 1.3330 காட்டுகிறதா என்று முதலில் பார்த்து, பிறகு ஸ்டாக். உப்பு, பெக், கிளிசரால் எல்லாவற்றுக்கும் செறிவோடு இந்த எண் சீராக ஏறும். புது லாட் பழைய லாட்டின் எண்ணோடு மூன்றாம் தசம இடத்தில் வித்தியாசப்பட்டால் எங்கோ எடையிலோ மட்டத்திலோ பிழை.

லேபிளில் பெயர், செறிவு, அது எடை கணக்கா கன அளவு கணக்கா, நீரேற்ற வடிவம், லாட் எண், பிஹெச், எந்த வெப்பநிலையில், எதனால் டைட்ரேட் செய்தது, அசைடு உண்டா, ரிஃப்ராக்டிவ் இண்டெக்ஸ், தேதி, செய்தவர் பெயர். சிறு குழாயில் இடம் போதாவிட்டால் ஒரு எண் மட்டும் கொடுத்து, முழு விவரத்தைப் பதிவேட்டில் எழுதலாம். படிகத் தட்டின் குறிப்பில் "பெக் 3350" என்று எழுதாமல் அந்த எண்ணை எழுதினால், பிறகு எந்தக் கலக்கலில் எது வந்தது என்று தேடிக் கண்டுபிடிக்க முடியும்.

புது ஸ்டாக் போட்டதும் பழையதைக் கொட்டிவிடுவது பலருக்கு வழக்கம். படிகம் தந்த ஸ்டாக்கில் 10 மி.லி.யாவது உறைவிப்பானில் இருக்கட்டும். பழசாகிப் பிஹெச் இறங்கிய பெக்கில் மட்டும் வளரும் படிகங்கள் உண்மையாகவே உண்டு. புது பெக்கில் அவை வராதபோது பழையதையும் புதியதையும் பத்தில் ஒன்றாக நீர்த்துப் பிஹெச்சை அளந்து, கலவையில் பஃபரின் பிஹெச்சை 0.2 வீதம் ஒரு அலகு வரை கீழே இறக்கி ஒரு வரிசை வைத்துப் பாருங்கள். அதிலும் வராவிட்டால், பழைய பெக்கையும் புதியதையும் பாதிக்குப் பாதி கலந்து ஒரு வரிசை. அதில் வந்தால் பிஹெச் காரணமல்ல, மாசுதான் காரணம். அப்போது பழைய லாட்டில் என்ன இருக்கிறது என்று பெராக்சைடு பட்டையிலிருந்து தேடத் தொடங்கலாம்.